தாம்பாளத்தில் வந்த மொழி

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் சிலமலை என்றொரு சிற்றூர் உண்டு. அதுவே நமது ஊர். மேற்கே நிமிர்ந்து நோக்கினால் மலைத்தொடர். அதன் சரிவெங்கும் ஏலத் தோட்டங்கள். ஸுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு நாம் வெளியேறும் வேளையில், தோட்ட வேலைக்குச் செல்வோரை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டை நோக்கி விரைந்துகொண்டிருக்கும். மலையில் விளையும் காய் போடிக்கு இறங்கி வரும். அங்கே கடைகளில் பெண்கள் வரிசையாக அமர்ந்து அதனைப் பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். பிறகு அது கடல் கடந்து, அரபு நாடுகளில் விருந்தினர்க்கு வார்க்கப்படும் கஹ்வாக் கோப்பை வரை சென்று சேரும்.

இத்தகைய ஊரிலிருந்து ஒரு பெண்பிள்ளை, பள்ளிகளில் ஸ்பானிய மொழி கற்பிக்கும் ஆசிரியையாக வேண்டும் என்று புறப்பட்டாள். அவள் நம் தங்கையின் மகள். அவளை முதலில் தடுத்தவர் நாமே. தடுத்த கதையையும், பின்னர் அவளிடமே நாம் பாடம் கேட்ட கதையையும் மறைக்காமல் எழுதுவது, இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளைக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தினாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

2017ஆம் ஆண்டு கோடை. பிளஸ் டூ முடிவுகள் வெளியாகி ஒரு வாரம் கடந்திருந்தது. தங்கை நம்மை வீட்டுக்கு அழைத்தாள். தங்கையின் கணவர் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதுபவர், அதிகம் பேசாதவர். அன்றும் அவர் பேசவில்லை. தங்கைதான் தொடங்கினாள்: "அண்ணே, இவ ஹைதராபாத் போயி ஸ்பானிஷ் படிக்கணுங்கிறா. அத படிச்சு டீச்சராகப் போறாளாம். பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பலாமா? நீங்க ஒரு வார்த்த சொன்னா கேட்டுக்குவா."

நாம் ஒரு வார்த்தை அல்ல, பல வார்த்தைகள் கூறினோம். ஆசிரியராவதில் நமக்கு ஆட்சேபம் இல்லை என்றோம். தமிழ் உண்டு, ஆங்கிலம் உண்டு. மார்க்கத்துக்கும் உலகத்துக்கும் பயன்படும் அரபு உண்டு. இவற்றை விட்டுவிட்டு ஏழு கடலுக்கு அப்பாலுள்ள மொழி நமக்கு எதற்கு என்றோம். "அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று நாம் கேட்டது இன்றும் நம் காதில் ஒலிக்கின்றது. பிள்ளை மறுமொழி கூறவில்லை. அவ்வாண்டு அவள் எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை. கைப்பேசியைப் பார்த்துத் தானாகவே சொற்களை எழுதிப் பழகிக்கொண்டு வீட்டிலிருந்தாள். ஒரு மாணவியின் ஓராண்டு நம் ஒரு கேள்வியினால் கழிந்தது.

நாம் அவ்வாறு கேட்டதன் உள்நோக்கத்தையும் மறைப்பதற்கில்லை. மதரஸாவில் ஏழாண்டுகள் ஓதி ஸனது பெற்று, பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ஸலுல் உலமாத் தேர்வையும் எழுதி, ஒரு பள்ளியில் அரபும் தமிழும் கற்பித்து வருபவர் நாம். ஆண்டுதோறும் நமது அரபு வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். நமக்குப் பின் இந்த நாற்காலியில் அமர நம் குடும்பத்தில் ஒருவரேனும் வேண்டும் என்பது நமது ஆசை. அந்த ஆசைக்கு அறிவுரை என்ற சட்டையை மாட்டிப் பிள்ளையின் முன் நிறுத்தினோம்.

மறு ஆண்டு ரமளான் முடிந்து சில நாட்கள் கழித்து, அவள் நம் வீட்டுக்கு வந்தாள். நம் மேசைமீது பழைய 'அல்ஃபிய்யா' பிரதி கிடந்தது. அரபு இலக்கணத்தை ஏறத்தாழ ஆயிரம் பாடலடிகளில் அடக்கிய நூல் அது. மதரஸாவில் நாம் மனனம் செய்த நூல்களில் தலையாயது. அதை எடுத்துப் பார்த்தவள், "மாமா, இத எழுதுனவர் எந்த ஊர்க்காரர்?" என்றாள். "இப்னு மாலிக், டமாஸ்கஸில் மறைந்தவர்," என்றோம். "பொறந்த ஊர்?" என்றாள். நாம் அட்டையைப் பார்த்தோம். பெயரோடு ஒட்டி 'அல்அந்தலுஸி' என்று அச்சிட்டிருந்தது. எத்தனையோ முறை வாசித்த சொல். அவர் பிறந்த ஜயான் நகரம் இன்றைய ஸ்பெயினில் இருக்கின்றது.

பிள்ளை அத்தோடு நிற்கவில்லை. குர்ஆன் ஓதும் முறைகளைப் பாடலாகத் தொகுத்த இமாம் ஷாத்திபி, ஸ்பெயினின் ஷாத்திபா நகரத்தவர். ஹிஜ்ரி 590இல், அதாவது 1194இல், கெய்ரோவில் மறைந்தவர். பெரும் தப்ஸீர் எழுதிய குர்துபி, குர்துபா நகரத்தவர். இவர்களைப் பற்றியெல்லாம் அவள் எங்கோ படித்து வைத்திருந்தாள். "உங்களுக்கு ஓதிக் கொடுத்த கிதாபுல பாதி அந்த நாட்டுல பொறந்தவங்க எழுதுனது. சம்பந்தம் இல்லன்னு சொன்னீங்களே மாமா," என்றாள். பாதி என்பது மிகை. ஆயினும் அதைத் திருத்த நமக்கு நா எழவில்லை. அன்று மாலையே தங்கை வீட்டுக்குச் சென்று, "பிள்ளையை அனுப்புங்கள்," என்று கூறிவிட்டு வந்தோம்.

2018இல் அவள் ஹைதராபாத்திலுள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழி இளங்கலை வகுப்பில் சேர்ந்தாள். 1958இல் ஆங்கிலம் பயிற்றுவோர்க்கான நிறுவனமாகத் தொடங்கி, 2007இல் மத்தியப் பல்கலைக்கழகமான இடம் அது. அரபு, பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஜப்பானியம் முதலியனவும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. அரபுத் துறை இருப்பதை அறிந்து நாம் சற்று நப்பாசை கொண்டதும் உண்மை. டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஸ்பானிய மொழிக்கு இளங்கலை, முதுகலை வகுப்புகள் உண்டு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எழுத்துத் தெரியாத நிலையிலேயே இவற்றில் சேர்ந்து, 'அ', 'ஆ' எனத் தொடங்கிப் பயிலலாம். இச்செய்தி நம் வட்டாரத்தில் பலருக்குத் தெரியாது.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் நாடு அடைபட்டது. அவளும் ஊர் திரும்பினாள். பல்கலைக்கழக வகுப்புகள் கைப்பேசிக்குள் சுருங்கின. மாதங்கள் சில கடந்து கெடுபிடி தளர்ந்ததும், தெருவிலுள்ள ஏழெட்டுப் பிள்ளைகளை மொட்டைமாடியில் இடைவெளி விட்டு உட்கார வைத்துப் பாடம் நடத்தத் தொடங்கினாள். பெரும்பாலும் ஏலக்காய் பொறுக்கப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள். "மாமா, நீங்க ஒருநாள் வந்து பின்னால ஒக்காந்து பாருங்க. தப்பு இருந்தா சொல்லுங்க," என்றாள். கால் நூற்றாண்டு பாடம் நடத்தியவர் என்ற பெருமிதத்தோடு சென்று பின் வரிசையில் அமர்ந்தோம்.

அவள் கையில் புத்தகம் இல்லை. ஒரு தாம்பாளம் இருந்தது. அதில் ஒரு கிண்ணம் சர்க்கரை, ஒரு பிடி அரிசி, ஓர் எலுமிச்சம்பழம், சிறு குப்பியில் எண்ணெய், ஒரு கொத்துப் பஞ்சு, நாலைந்து ஏலக்காய். சர்க்கரையை உயர்த்திக் காட்டி, "அஸூகார்" என்றாள். பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். நாமோ நிமிர்ந்து உட்கார்ந்தோம். அது 'அஸ்ஸுக்கர்' அன்றோ! அரிசி, "அர்ரோஸ்"; நமது 'அர்ருஸ்'. எண்ணெய், "அஸெய்தே", நமது 'அஸ்ஸைத்'. பஞ்சு, "அல்கொதோன்", நமது 'அல்குத்ன்'. எலுமிச்சை, "லிமோன்", நமது 'லைமூன்'. ஏலக்காயை எடுத்து "கார்தமோமோ" என்றபோது மட்டும் நமக்கு உறவு தெரியவில்லை. பஞ்சு எடுத்த இலவம்பஞ்சுத் தலையணையையே பிறகு கொண்டு வந்து காட்டி, "அல்மொஆதா" என்றாள். 'அல்மிகத்தா' என்று நம் வாய் தானாகவே முணுமுணுத்தது.

எண்ணூறு ஆண்டுகளுக்கு நெருக்கமாக அந்நாட்டில் அரபு மொழி புழங்கியதன் சுவடு அது. கிளைச்சொற்களையும் ஊர்ப் பெயர்களையும் சேர்த்து ஸ்பானிய மொழியிலுள்ள அரபு வழிச் சொற்கள் நாலாயிரம் அளவில் இருக்கும் என்பது அறிஞர் கணக்கு. 'ஹத்தா' என்ற ஒரு சொல்லின் இலக்கணத்துக்காக மதரஸாவில் நாம் பட்ட பாட்டை நம்மோடு ஓதியவர்கள் அறிவார்கள். அச்சொல் அங்கே 'ஆஸ்தா' என்றாகி, 'வரை' என்ற அதே பொருளில், விடைபெறும்போது நாள்தோறும் சொல்லப்படுகின்றது. ஒன்று நிகழ வேண்டும் என்று ஏங்கும்போது ஸ்பானியர் கூறும் 'ஒஹலா' என்ற சொல்லுக்குள் இறைவனின் திருநாமமே உறைந்திருக்கின்றது. நாரத்தை என நாம் அறிந்த சொல்லின் உறவு, பாரசீகம், அரபு வழியாகச் சென்று, ஆரஞ்சுப் பழத்துக்கு அங்கே 'நாராங்ஹா' என்ற பெயரைத் தந்துள்ளது. அதன் மூலம் திராவிடமே எனக் கருதுவோர் பலர்.

ஆனால், சொற்களின் உறவைக் காட்டிலும் நம்மை அன்று அதிகம் கலக்கியது அவள் பாடம் நடத்திய முறையே. நாற்பது நிமிடத்தில் ஓர் இலக்கண விதியையும் அவள் கூறவில்லை. தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு சொல்லும் பெயர்க்கவில்லை. காட்டினாள், சொன்னாள், சொல்ல வைத்தாள், தாம்பாளத்தைக் கை மாற்றினாள். கடைசியில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் சர்க்கரையும் அரிசியும் ஸ்பானிய மொழியில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நாம் பள்ளியில் முதன்முதலாக அரபு வகுப்பு எடுத்த நாள் நினைவுக்கு வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் முன் நின்று, 'ளரப', 'ளரபா', 'ளரபூ' என்று பதினான்கு வாய்பாட்டு வடிவங்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்தோம். மதரஸாவில் நமக்கு அப்படித்தான் தொடங்கினார்கள். நமக்கு அது இனித்தது. அந்தப் பிள்ளைகளில் இருவர் உறங்கினார்கள், ஒருவன் சன்னல் வழியே ஜீப்பு எண்ணினான். குறை அவர்களிடம் என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். நமக்கு மொழியைக் கற்பித்தார்கள். அம்மொழியை இன்னொருவர்க்குக் கற்பிப்பது எங்ஙனம் என்பதை எவரும் கற்பிக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

வகுப்பு முடிந்ததும், "ஸர்ஃபு எங்கேயம்மா? வினைச்சொல் வாய்பாடு எங்கே?" என்று கேட்டோம். ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். அன்றைய நாற்பது நிமிடத்துக்கு ஆறு பக்கம் பாடக் குறிப்பு! எந்தச் சொல்லை எப்போது, எத்தனை முறை, எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுவான் என்பது வரை எழுதியிருந்தாள். வினை வடிவங்களும் அதில் வரிசையாக இருந்தன. "அது எல்லாம் என் நோட்டுல இருக்கணும் மாமா, மொத நாள் அவங்க தலையில இல்ல," என்றாள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இம்மொழி எளிதாய் அமையும் இடங்களையும் அவள் குறித்து வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தால் எழுத இயலாத 'ஞ' ஒலிக்கு ஸ்பானிய மொழியில் தனி எழுத்து உண்டு. 'பெரோ' என்றால் 'ஆனால்'. ரகரத்தை அழுத்தி உருட்டி 'பெர்ரோ' என்றால் 'நாய்'. மரத்தையும் மறத்தையும் பிரித்துச் சொல்லப் பழகிய பிள்ளைக்கு இந்த நுட்பம் விரைவில் பிடிபடுகின்றது. பேசுகிறேன், பேசுகிறாய் என நம் வினைமுற்று ஆளைக் காட்டுவதுபோல் அவர்கள் வினையும் விகுதியாலேயே ஆளைக் காட்டும். நான், நீ எனத் தனியே கூற வேண்டுவதில்லை. 'நீ', 'நீங்கள்' என்ற மரியாதை வேறுபாடும் அங்கே உண்டு. 'மேஸா' என்றால் மேசையே; போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்த சொல்லின் உடன்பிறப்பு.

இடறும் இடங்களும் உண்டு. உயிரற்ற பொருளுக்கெல்லாம் ஆண்பால், பெண்பால் வகுப்பது அரபு ஓதிய நமக்குப் புதிதன்று. அஃறிணை என ஒதுக்கிப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு அது பெருந்தடை. அரபில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். ஸ்பானிய மொழியில் சூரியன் ஆண்பால், சந்திரன் பெண்பால். இதைக் கேட்டு நாம் வாய்விட்டுச் சிரித்தோம். அதன்பின் வாரம் இருமுறை அவள் வகுப்பின் பின் வரிசை நமக்கு வழக்கமான இடமாயிற்று.

ஒருநாள் நம் பாட்டியார் வைத்திருந்த அரபுத்தமிழ் நூலொன்றை அவளுக்குக் காட்டினோம். எழுத்து அரபு, மொழி தமிழ். பள்ளிக்கூடம் செல்லாத நம் பாட்டிமார் மார்க்கச் சட்டங்களைத் தமிழில் அறிந்துகொண்டது இத்தகைய நூல்கள் வாயிலாகவே. அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஸ்பெயினிலும் இதே ஏற்பாடு இருந்ததைக் கூறினாள். 1492இல் கிரானடா வீழ்ந்தபின் அங்கே எஞ்சிய முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள், காலப்போக்கில் அரபு பேச மறந்து, ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதி மறைவாக வாசித்தார்கள். 'அல்ஹமியாதோ' என அதற்குப் பெயர். 'அஜமிய்யா' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. 1609 முதல் 1614 வரை அம்மக்கள் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள். 1884இல், அல்மொனாஸித் தெ லா ஸியெர்ரா என்ற ஊரில் ஒரு பழைய வீட்டின் பொய்த் தளத்துக்கு அடியிலிருந்து அத்தகைய சுவடிகள் குவியலாக வெளிப்பட்டன. பாட்டியாரின் நூலை அன்று நாம் இரு கையாலும் வாங்கிப் பெட்டியில் வைத்தோம்.

பிள்ளையின் அத்தா வந்த வழி வேறு. ஏலக்காய் வணிகத்தில் 'குவாத்தமாலா' என்ற பெயரைக் கேட்டால் போடிக் கடைகளில் முகம் சுருங்கும். 1914ஆம் ஆண்டளவில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் அந்நாட்டில் ஏலத்தைக் கொண்டுபோய் நட்டார். 1980களில் அந்நாடு விளைச்சலில் இந்தியாவை முந்தியது. அரபு நாட்டுச் சந்தையில் நம் காய்க்கு அது பெரும் போட்டி. அந்நாட்டின் ஆட்சிமொழி ஸ்பானியம் என்பது தெரிந்த நாளில், வாய் பேசாத மனிதர் முதன்முறையாகக் கேட்டார்: "அங்க மழ எப்படின்னு அந்தப் பேப்பர்ல போட்டிருப்பானா? பாத்துச் சொல்லுமா." அன்று முதல் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குவாத்தமாலா நாளிதழ்ச் செய்தியை மகள் படித்துச் சொல்வதும் தந்தை கேட்பதும் வழக்கமாயிற்று. அங்கே ஏலம் பயிரிடுவோரில் பெரும்பகுதியினர் கெக்சி என்னும் பழங்குடிச் சிறு விவசாயிகள் என்பதையும், அவர்களுக்கும் ஸ்பானியம் தாய்மொழி அன்று, பள்ளியில் கற்கும் மொழியே என்பதையும் அறிந்தபோது, "அவனும் நம்மள மாதிரிதான் போல," என்றார். போட்டியாளனைப் பற்றி அவர் அப்படிப் பேசி நாம் கேட்டதில்லை.

சந்தையில் கூவி விற்கும் 'ஏலம்' என்ற சொல்லே போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது என்றும், அதுவும் அரபு மொழியில் 'அறிவிப்பு' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது என்றும் அகராதியாளர் கூறுவர். ஏலக்காயை ஏலம் விடும் போடியில் அமர்ந்துகொண்டு, அயல்மொழி நமக்கு எதற்கு என்று நாம் கேட்டதை எண்ணி நாணினோம்.

இளங்கலை முடிந்து முதுகலையும் பயின்றாள். இடையே 'டெலே' என்ற தேர்வை எழுத டில்லி சென்றாள். ஸ்பெயின் அரசின் கல்வி அமைச்சின் சார்பில் ஸெர்வாந்தெஸ் நிறுவனம் வழங்கும் சான்றிதழ் அது. டில்லியில் அந்நிறுவனத்தின் மையம் 2009இல் தோன்றியது. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். ஸ்பானிய மொழியால் பிழைக்க நினைப்போர்க்கு அச்சான்று பெருந்துணை. அவள் எழுதிய பி2 தேர்வில் வாசித்தலும் எழுதுதலும் ஒரு பிரிவு. கேட்டலும் பேசுதலும் மற்றொரு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் 50க்கு 30 பெற வேண்டும். ஒன்றில் மிகுந்ததைக் கொண்டு மற்றதை ஈடு கட்ட முடியாது. இதைக் கேட்டபோது நமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அரபில் நமக்கு இப்படியொரு தேர்வு வைத்தால், முதற்பிரிவில் ஐம்பதுக்கு ஐம்பதும் வாங்கி, இரண்டாம் பிரிவில் தோற்றுப் போவோம். கிதாபுகளைத் திறந்து பொருள் கூறுவோம். ஓர் அரபியர் எதிரே வந்து வழி கேட்டால் திகைத்து நிற்போம். நம்மைப் போன்றோர் பலர் உளர்.

தேறியபின் அதே நிறுவனம் ஸ்பானிய ஆசிரியர்களுக்கென நடத்தும் பயிற்சி வகுப்பிலும் கணினி வழியாகச் சேர்ந்தாள். ஒரு பாடலை எவ்வாறு பாடமாக்குவது, பிழை செய்யும் பிள்ளையை எப்போது திருத்துவது, எப்போது திருத்தாமல் விடுவது என்பனவெல்லாம் அங்கே பாடங்கள். திருத்தாமல் விடுவதும் ஒரு கலை என்பதை நாம் அறிந்தது நம் ஐம்பதாம் வயதுக்குப் பின்னரே.

இனி, பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர்க்கு ஒளிவின்றிச் சில கூற வேண்டும். ஸ்பானியம் ஏறக்குறைய 50 கோடிப் பேரின் தாய்மொழி; 20 நாடுகளின் ஆட்சிமொழி. மொழியின் பெருமை பெரிது. நம் நாட்டுப் பள்ளிகளில் அதற்குள்ள இடமோ சிறிது. தமிழகத்தில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நிலவுவதால் அரசுப் பள்ளிகளில் இதற்குப் பணியிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் சிலவும், பன்னாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பெருநகரத் தனியார் பள்ளிகளுமே வாய்ப்புத் தருகின்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை உயர்நிலை வகுப்புகளுக்கு எடுத்துக்காட்டாகக் கூறும் அயல்மொழிகளில் ஸ்பானியம் உண்டு, அரபு இல்லை. ஆயினும் கொள்கையில் பெயர் இருப்பதும் பள்ளியில் நாற்காலி இருப்பதும் ஒன்றல்ல. 2014 நவம்பரில் கேந்திரிய வித்யாலயாப் பள்ளிகளில் மூன்றாம் மொழியாக இருந்த ஜெர்மன், கல்வியாண்டின் நடுவிலேயே அவ்விடத்தை இழந்தது. மொழியாசிரியரின் வாழ்வு எப்போதும் அடுத்த ஆண்டுப் பிள்ளைகளின் எண்ணிக்கையில் தொங்குவது. நம் அனுபவமும் அதுவே. ஆகையால் சான்றிதழோடு மொழிபெயர்ப்பு முதலிய வேறொரு கைத்தொழிலும் உடன் இருத்தல் நலம். நம் பிள்ளைக்கு இதை அஞ்சாமல் கூறினோம். "தெரியும் மாமா," என்றாள்.

2023இல் சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஸ்பானிய ஆசிரியையாக அவளுக்கு இடம் கிடைத்தது, ஓராண்டு ஒப்பந்தம். பாதையை அகலப்படுத்துவதற்காக 2010 இறுதியில் போடியில் நின்றுபோன இரயில், அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் வந்தது. சென்னைக்கே நேராகச் சென்றது. அந்த இரயிலில் அவளை ஏற்றிவிடக் குடும்பமே சென்றது. தங்கை அழுதாள். அத்தா ஒரு பொட்டலம் ஏலக்காயைக் கையில் கொடுத்து, "தாம்பாளத்துக்கு," என்றார்.

முதல் வகுப்பு முடிந்த மாலை நம்மைக் கைப்பேசியில் அழைத்தாள். குரல் கம்மியிருந்தது. நாற்பது நிமிடத்துக்கு ஆயத்தம் செய்தது பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டதாம். நகரத்துப் பிள்ளைகள் சர்க்கரையைப் பார்த்துச் சிரித்தார்களாம். மீதி நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் கரும்பலகையில் வினை வாய்பாட்டை எழுதிவிட்டாளாம். நாம் நம் முதல் நாளின் கதையை, உறங்கிய இருவரையும் ஜீப்பு எண்ணியவனையும், அன்றுதான் அவளிடம் கூறினோம். சற்று நேரம் அமைதி. பிறகு சிரித்தாள். "அப்புறம் என்ன செஞ்சீங்க மாமா?" என்றாள். "இருபது ஆண்டுகள் அப்படியே செய்தோம். நீ அந்தத் தவறைச் செய்யாதே. நாளைக்கே மாற்று," என்றோம்.

அவள் மாற்றிக்கொண்டாள். ஒப்பந்தம் மறு ஆண்டும் நீண்டது. அதற்கு மேல் அல்லாஹ் நாடியது.

நமது அரபு வகுப்பில் இப்போது பதினோரு பிள்ளைகள். இக்கல்வியாண்டின் முதல் நாளன்று நாம் வாய்பாடு ஒப்பிக்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு தாம்பாளம் எடுத்துச் சென்றோம். ஓர் ஏலக்காயை உள்ளங்கையில் வைத்து நீட்டி, "ஹைல்" என்றோம். முன் வரிசையிலிருந்த ஒரு சிறுமி அதை எடுத்து முகர்ந்து பார்த்து, "எங்கம்மா கையில இருக்கிற வாசம்," என்றாள். அவளைத் திருத்தாமல் விட்டோம். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள்.